நாட்காட்டி முதலில், ஸ்கேன் கடைசியில்

இந்த வேலைக்கு முதல் கருவி சுவரில் தொங்கும் நாட்காட்டி. இரண்டாவது, அதன் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில். பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்று மருத்துவர்களும், பி.சி.ஓ.டி. என்று மருந்துக்கடைக்காரர்களும், நீர்க்கட்டி என்று ஊராரும் சொல்லும் குறைபாட்டைக் கண்டறியும் வேலை இந்த இரண்டிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழப் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது. படிகளை அதனதன் வரிசையில் வைத்துச் செய்தால் மிகக் கச்சிதமாக முடியும் வேலை. வரிசை மாறினால் அதே சோதனைகள் பயத்தையும் செலவையும் மட்டும் கொடுக்கும்.

படிகளைப் பின்தொடர்வதற்காக ஒரு பெண்ணைக் கற்பனையில் நிறுத்திக்கொள்வோம். வயது 24. உயரம் 156 செ.மீ., எடை 64 கிலோ. தாம்பரத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். திருமணம் ஆகவில்லை. அம்மாவோடு மருத்துவர் முன் உட்கார்ந்ததும் அவர் நீட்டுவது ஆறு மாதம் முன்பு எடுத்த ஸ்கேன் தாள். ‘இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி’ என்பதே அதன் சாரம். நல்ல மருத்துவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

“இதைக் கடைசியில பாத்துக்கலாம்மா. முதல்ல தேதியைச் சொல்லுங்க.”

“ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் டாக்டர் தலைக்குக் குளிக்கிறா” என்கிறார் அம்மா.

அது தேதி ஆகாது. மாதவிலக்குச் சுழற்சியை எண்ணுவதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு: உதிரப்போக்கு தொடங்கிய முதல் நாளை 1 என்று வைத்து, அடுத்த உதிரப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணுபவர்கள் பலர். அப்படி எண்ணினால் ஒவ்வொரு சுழற்சியிலும் நாலைந்து நாள் காணாமல் போகும். துணியில் பொட்டுப் பொட்டாகப் படுவதை முதல் நாளாகக் கொள்வதில்லை. இந்தப் பெண் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறார். கடந்த 12 மாதங்களில் 7 முறை. இடைவெளிகள் 41, 58, 44, 67, 39, 52 நாட்கள். வளர்ந்த பெண்ணுக்கு இயல்பான இடைவெளி 21 முதல் 35 நாட்கள். ஆண்டுக்கு எட்டுக்குக் குறைந்தாலும் ஒழுங்கின்மைதான். முதல் கட்டத்தில் ஒரு குறி விழுகிறது.

பூப்பெய்திய முதல் ஆண்டில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது சுழற்சி முன்பின்னாக வருவதே இயல்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல்வரம்பு 45 நாட்கள். ஆனால் முதல் ஆண்டு முடிந்த பின் எந்த வயதிலும், ஒரே ஒரு இடைவெளி 90 நாளைத் தாண்டினாலும், அதைக் குறித்துக்கொண்டு காரணம் தேட வேண்டும்.

குறி விழும் இந்தக் கட்டங்களை வகுத்தது 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர் குழு. மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் போதும் என்றது அது: முட்டை வெளிப்படுவதில் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோன்களின் மிகை, ஸ்கேனில் தெரியும் சினைப்பையின் தோற்றம். இதே போன்ற தொல்லைகளைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்று உறுதிசெய்திருப்பதும் நிபந்தனை. 2023இல் வந்த பன்னாட்டு வழிகாட்டி இந்த மூன்றையும் ஒரு வரிசைக்குள் வைத்தது. முதலில் தேதியும் உடம்பும்; அதில் முடிவு கிடைக்காவிட்டால் ரத்தம்; அதிலும் கிடைக்காவிட்டால்தான் ஸ்கேன். பெரும்பாலான வேலை முதல் இரண்டு கதவுகளிலேயே முடிந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மூன்றாவது கதவு வழியாக உள்ளே வருபவர்களே அதிகம்.

அடுத்தது உடம்பைப் பார்ப்பது. முடிக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1961இல் ஃபெரிமன், கால்வே என்ற இருவர் வகுத்தது, பின்னர் திருத்தப்பட்டது. மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேற்கை, தொடை, மேல்முதுகு, கீழ்முதுகு என ஒன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கணக்கில் சேர்வது கருத்த, தடித்த முடி மட்டுமே, பூனைமுடி சேராது. மொத்தம் 4 முதல் 6ஐத் தொட்டால் மிகை என்று கொள்கிறார்கள்; வரம்பு இனத்துக்கு இனம் சற்று மாறும். இங்கே ஒரு சிக்கல். இந்தப் பெண் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அழகு நிலையத்தில் த்ரெடிங் செய்துகொள்கிறார். நூல் பிடுங்கிய உதட்டில் மருத்துவர் எதைப் பார்ப்பார்? ஆகவே கடைசியாக எப்போது எடுத்தீர்கள், எத்தனை நாளில் திரும்ப வருகிறது என்று கேட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். மேலுதட்டுக்கு 1, தாடைக்கு 2, ஆக 3. வரம்பைத் தொடவில்லை.

கழுத்தின் பின்புறத்தையும் பார்க்கிறார். மடிப்பில் வெல்வெட் போன்ற கருமை. சங்கிலி உரசியதால் வந்தது என்று நினைத்து வீட்டில் கடலைமாவு போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அது தேய்த்தால் போகும் கறுப்பு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதைத் தோல் இப்படிக் காட்டிக்கொடுக்கும். தையற்காரர் நாடாவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்கிறார்கள். 86 செ.மீ. நம்மவரில் பெண்களுக்கு எச்சரிக்கைக் கோடு 80.

தேதியில் ஒரு குறி, உடம்பில் அரைக் குறி. இரண்டாவது கதவு திறக்கிறது.

ரத்தம் எடுக்கும் நாளும் நேரமும் முக்கியம். மாதவிலக்கின் 2 முதல் 5ஆம் நாளுக்குள், காலையில், வெறும் வயிற்றில். நாள் தள்ளிக்கொண்டே போகிறவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேறு நாளிலும் எடுக்கலாம், ஆனால் எந்த நாள் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆண்ட்ரோஜன் அளவு நம்பத்தக்கதாக இராது. மூன்று மாதம் நிறுத்திய பிறகே அளக்க வேண்டும். ஆகவே மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்றைப் பலர் கேட்பதே இல்லை: முடி உதிர்வுக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. உடம்புக்குக் கெடுதல் செய்யாவிட்டாலும், பல ஆய்வகக் கருவிகளின் ஹார்மோன் கணக்கைத் தவறாகக் காட்டிவிடும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும்.

முழங்கை மடிப்புக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்து, ஹார்மோன்களுக்கு சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயிலும் சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாயிலும் பிரிக்கிறார்கள். சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃபுளோரைடு, குழாய்க்குள்ளேயே ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கும். முதலில் விலக்க வேண்டியவை: கர்ப்பம், தைராய்டு கோளாறு, புரோலாக்டின் மிகை, அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறைபாடு. அதற்காகச் சிறுநீரில் கர்ப்பச் சோதனை, ரத்தத்தில் டி.எஸ்.எச்., புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். நான்கும் இயல்பு. திருமணம் ஆகாத பெண்ணிடம் கர்ப்பச் சோதனை கேட்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் செய்வது என்று வைத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

பிறகுதான் டெஸ்டோஸ்டிரோன். இதில் நான் ரசிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. முடிவு 55 நானோகிராம்/டெசிலிட்டர் என்று வருகிறது. ஆய்வகத் தாளில் அது இயல்பு எல்லைக்குள்தான். பாதி வேலை தெரிந்தவர் இங்கேயே தாளை மூடிவிடுவார். ஆனால் ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. கட்டவிழ்ந்து திரிவதுதான் முடியையும் முகப்பருவையும் வளர்க்கிறது. கட்டும் கயிறு குறைந்தால், மாடுகளின் எண்ணிக்கை கூடாமலே வயல் மேயப்படும். கயிற்றையும் அளக்க வேண்டும். எஸ்.எச்.பி.ஜி. 20 நானோமோல்/லிட்டர். 55ஐ அதே அலகுக்கு மாற்ற 0.0347ஆல் பெருக்கினால் 1.9. அதை 100ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 9.5. கட்டற்ற ஆண்ட்ரோஜன் குறியீடு என்பது இதுதான். பல ஆய்வகங்கள் 5க்கு மேல் போனாலே மிகை என்கின்றன. இரண்டாவது குறி விழுந்துவிட்டது.

மூன்றில் இரண்டு, மற்றவை விலக்கப்பட்டன. நோய் உறுதி. ஸ்கேன் தாள் இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது.

ஆனாலும் மூன்றாவது கதவு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரே ஒரு குறியோடு நிற்பவர்களுக்கு அது தேவைப்படும். மணமாகாத பெண்களுக்கு இங்கே வழக்கமாக வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்பே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீர் முட்டும் வரை அடக்கிக்கொண்டு, கருவின் பாலினம் இங்கே சொல்லப்படாது என்ற அறிவிப்புப் பலகைக்குக் கீழே காத்திருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, ஒலியலைக்கு ஜன்னல் திறந்துவிடுகிறது. குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியின் தலையை அடிவயிற்றில் அழுத்தி, சினைப்பையின் நீளம், அகலம், பருமன் மூன்றையும் எடுக்கிறார்கள். 3.8, 2.4, 2.6 செ.மீ. என்றால், மூன்றையும் பெருக்கி மீண்டும் 0.523ஆல் பெருக்க, 12.4 மி.லி. வரம்பு 10. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனில் படம் தெளிவாக விழுவதால் நுண்பைகளையே எண்ணலாம்: ஒரு சினைப்பையில் 20 அல்லது அதற்கு மேல். 2003இல் இந்த எண் 12ஆக இருந்தது. கருவிகள் கூர்மையாகிச் சிறியவையும் தெரியத் தொடங்கியதால் எண்ணை உயர்த்தினார்கள். பழைய வரம்பில் பல ஆரோக்கியமான பெண்களும் சிக்கிக்கொண்டார்கள். ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற ரத்தச் சோதனையும் செய்யலாம், இரண்டும் வேண்டாம். பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு இந்த இரண்டுமே கூடாது. அந்த வயதில் நிறைய நுண்பைகள் இருப்பதுதான் இயற்கை.

இப்போது மருத்துவர் பழைய தாளைத் திருப்பிப் பார்க்கிறார். அளவும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, ‘நீர்க்கட்டி’ மட்டும். பாதியில் விட்ட வேலை.

அந்தச் சொல்லையும் இங்கேயே சரிசெய்துவிட வேண்டும். சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையும் ஒரு நுண்பைக்குள் இருக்கிறது. இயல்பான மாதத்தில் ஒரு கூட்டம் நுண்பைகள் ஒன்றாக வளரத் தொடங்கி, அதில் ஒன்று முந்திக்கொண்டு, நாளுக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வீதம் பெருத்து, 20 மி.மீ. அளவில் வெடித்து முட்டையை விடுகிறது. சுமார் 14 நாள் கழித்து மாதவிலக்கு. இந்தக் குறைபாட்டில் அந்த முந்துதல் நடப்பதில்லை. எல்லாம் 2 முதல் 9 மி.மீ. அளவில் நின்றுவிடுகின்றன. ஸ்கேன் திரையில் கறுப்பு முத்துக்கள் கோத்த மாலை போலத் தெரிவது, பாதி வழியில் நின்ற இந்த நுண்பைகள்தான். உடைக்கவோ கரைக்கவோ அகற்றவோ அங்கே கட்டி ஏதும் கிடையாது. 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தல் என்ற மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது, சினைப்பையில் ஆப்பு வடிவத் துண்டை வெட்டி எடுத்தார்கள், மாதவிலக்கும் திரும்பியது. அதனால் நோய் சினைப்பையின் பெயரிலேயே நிலைத்துவிட்டது. பெரும்பாலோருக்கு அதன் வேர் இன்னும் அகலமாக ஓடுகிறது.

அந்த வேர் இன்சுலின். தசை இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஆகவே கணையம் இன்னும் உரக்கச் சொல்கிறது, கூடுதலாகச் சுரக்கிறது. தசைக்குக் கேட்காத அந்தக் குரல் சினைப்பைக்கு நன்றாகக் கேட்கிறது. பிட்யூட்டரி அனுப்பும் எல்.எச். ஹார்மோனோடு சேர்ந்து, நுண்பையைச் சுற்றியுள்ள செல்களை ஆண்ட்ரோஜன் தயாரிக்கத் தூண்டுகிறது. அதே இன்சுலின் ஈரலில் எஸ்.எச்.பி.ஜி. உற்பத்தியைக் குறைக்கிறது. மாடும் கூடுகிறது, கயிறும் குறைகிறது. கழுத்துக் கருமை, தாடை முடி, 67 நாள் இடைவெளி ஆகிய மூன்றும் ஒரே தறியில் ஓடும் நூல்கள் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

எனவே நோய் உறுதியானதும் சர்க்கரைச் சோதனை. எட்டு மணி நேரமாவது வெறும் வயிறு. முந்தைய மூன்று நாள் வழக்கமான சாப்பாடு, சோதனைக்காகச் சோற்றைக் குறைக்கக் கூடாது. முதல் ரத்தம் எடுத்தபின், 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பாகு போல இனிக்கும், சிலருக்குக் குமட்டும். வாந்தி வந்தால் சோதனை செல்லாது. இரண்டு மணி நேரம் நடக்காமல், எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம். இந்தப் பெண்ணுக்கு வெறும் வயிற்றில் 92, இரண்டு மணி நேரத்தில் 151. முதல் எண் சுத்தமாக இருக்கிறது, இரண்டாவது எண் 140ஐத் தாண்டியிருக்கிறது. 200ஐத் தொட்டால் நீரிழிவு. 151 அதன் வாசற்படி. வெறும் வயிற்று ரத்தத்தோடு நிறுத்தியிருந்தால் தெரிந்தே இருக்காது. ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளும் இதே காலையில் முடிந்துவிடும். தூக்கம், மனச்சோர்வு, பதற்றம் பற்றியும் கேட்க வேண்டும். இந்தக் குறைபாட்டில் அவை அதிகம், ஆனால் கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

இனிச் சிகிச்சை. இதை வேரோடு போக்கும் மருந்து கிடையாது. அன்றைக்குத் தேவையானதை வரிசைப்படுத்திச் செய்கிறார்கள். முதல் தேவை கருப்பையின் உட்படலம். முட்டை வெளிவராத மாதங்களில் அது உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் விட்டால் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதுகிறார்.

“கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதையா டாக்டர்? நாளைக்குக் குழந்தை தங்காமப் போயிட்டா?”

“நிறுத்தினா அதோட வேலையும் நின்னுரும்மா. பேரைப் பாக்காதீங்க, செய்யற வேலையைப் பாருங்க.”

அது செய்வது மூன்று வேலை. 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட்டால் உட்படலம் ஒழுங்காக உதிர்கிறது. எல்.எச். அடங்குவதால் ஆண்ட்ரோஜன் உற்பத்தி குறைகிறது. ஈரலில் எஸ்.எச்.பி.ஜி. கூடுவதால் மீதமுள்ளதும் கட்டப்படுகிறது. ஒரே மாத்திரையில் மூன்று இடத்தில் திருகு இறுகுகிறது. தொடங்குமுன் உயர் ரத்த அழுத்தம், ரத்த உறைவு வரலாறு, கண்முன் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவற்றைக் கேட்டே ஆக வேண்டும். இவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த மாத்திரை கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சில நாள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து உதிரப்போக்கை வரவழைக்கலாம்.

முடிக்குப் பொறுமை வேண்டும். மாத்திரை வேலை செய்கிறதா என்று தாடையைப் பார்த்துச் சொல்ல ஆறு மாதமாவது ஆகும். முளைத்துவிட்ட முடி தன் ஆயுளை முடித்துத்தான் போகும். சிரைத்தால் தடித்து வளரும் என்பது வெறும் பேச்சு. 151க்கு மெட்ஃபார்மின்: இரவுச் சாப்பாட்டோடு 500 மி.கி., வயிறு பழகியபின் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்டுவது. எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் வயிற்றுப்போக்கோடு மாத்திரையும் நின்றுவிடும். நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 அளவைப் பார்க்க வேண்டும்.

உணவில் எந்தத் தனி முறையும் மற்றதைவிட மேல் என்று நிறுவப்படவில்லை. இது நல்ல செய்தி. தனி உலை வைக்க வேண்டாம். இருக்கும் சாப்பாட்டில் வரிசையையும் அளவையும் மாற்றினால் போதும். பொரியலும் சுண்டலும் முட்டையும் முதலில், சோறு அதன் பின், இரண்டாம் முறை சோறு கிடையாது. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் அதை மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்குவது. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி நெருங்கி வரும். இவருக்கு அது 3.2 கிலோ. ஒல்லியான பெண்களுக்கும் இந்தக் குறைபாடு வரும்; அவர்களிடம் எடையைக் குறை என்பதில் பொருளில்லை.

குழந்தை வேண்டும் என்ற நாள் வரும்போது கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு பெட்டியைத் திறக்கிறார்கள். முதல் மருந்து லெட்ரோசோல்; மாதவிலக்கின் 3ஆம் நாள் முதல் ஐந்து நாள், 2.5 மி.கி.யில் தொடங்கி. பிறகு ஸ்கேனில் நுண்பை வளர்வதைப் பார்க்கிறார்கள். 2014இல் வெளியான, அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், பழைய மருந்தான குளோமிஃபீனால் 19.1 சதவீதம் பேருக்கும் லெட்ரோசோலால் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. முட்டை வெளிவராததுதான் ஒரே தடை என்றால், பெரும்பாலோருக்கு அடுத்த கட்டச் சிகிச்சைகளுக்குள்ளாவது வழி கிடைத்துவிடும்.

கோப்பின் கடைசித் தாளில் தேதிகள் மட்டும் எழுதப்படுகின்றன. மாத்திரைக்கு மறுபார்வை மூன்று மாதத்தில். ரத்த அழுத்தம் ஆண்டுதோறும். 75 கிராம் சர்க்கரைச் சோதனை ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. கர்ப்பத்துக்கு முன்பும், கர்ப்பத்திலும் தவறாமல். மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் தாள் இல்லாவிட்டாலும் கடந்த ஒரு வருடத்தின் தேதிகளைக் கையோடு கொண்டுபோங்கள். மாத்திரை ஏதும் சாப்பிடாத நிலையில் 90 நாள் தாண்டியும் உதிரப்போக்கு வரவில்லை என்றால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.